வாசகர் கேள்வி – பதில்: மாவுச்சத்தைக் குறைக்கச் சொல்லும் புத்தகம்... எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: ஈரோடு புத்தகத் திருவிழாவில் பேலியோ, கீட்டோ, குறை மாவுச்சத்து என்று ஏழெட்டுப் புத்தகங்கள் பார்த்தேன். எல்லா அட்டையிலும் எடை குறையும், சர்க்கரை குறையும் என்றுதான் போட்டிருக்கிறது. எதை வாங்கலாம்ங்க?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: அட்டையை விடுங்கள். நேராக உணவு அட்டவணைக்குப் போய் அரிசியைத் தேடுங்கள். 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து 78 கிராம். அதுவே வெந்து சோறானால், தண்ணீர் ஏறிவிடுவதால் 100 கிராமுக்குச் சுமார் 28 கிராம்தான். அரிசியா, சோறா என்று சொல்லாத அட்டவணையை வைத்து ஒரு நாள் கணக்குக்கூடப் போட முடியாது.

அடுத்து ராகியைப் பாருங்கள். அமெரிக்கக் கணக்கில் மொத்த மாவுச்சத்துக்குள் நார்ச்சத்தும் அடங்கும். அதனால் அதைக் கழிக்கச் சொல்வார்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணையில் நார்ச்சத்து முன்பே தனியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: ராகிக்கு மாவுச்சத்து 67, நார்ச்சத்து 11. இந்த 67இலிருந்து 11ஐக் கழித்து 56 என்று போட்டிருந்தால், கழித்ததையே மறுபடி கழித்திருக்கிறார்கள். மற்ற உணவுகளுக்கும் அப்படித்தான் போட்டிருப்பார்கள். அந்தப் புத்தகம் வேண்டாம்.

ஒரு நாளைக்கு எத்தனை கிராம் என்பதையும் நூல் தெளிவாகச் சொல்ல வேண்டும். பொதுவாக 130 கிராமுக்குக் கீழே இருந்தால் குறை மாவுச்சத்து. 20 முதல் 50 கிராம் வரை என்றால் கீட்டோ. இரண்டும் வேறு வேறு பாதை. நம் அரிசிம்பருப்புச் சாதத்தில் ஓர் ஆளுக்கு 100 கிராம் அரிசி, 25 கிராம் துவரம்பருப்பு விழுந்தால், ஒரே வேளையில் 90 கிராம் தாண்டிவிடும். கீட்டோவுக்கு அது இரண்டு நாள் கணக்கு.

சோற்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என்ன வைப்பது என்று சொல்லாத நூல்தான் நிறையப் பேரைக் கைவிடுகிறது. வெறும் காய் மட்டும் தின்றால் பசி தாங்காது, பத்து நாளில் பழைய சாப்பாட்டுக்கே திரும்பிவிடுவார்கள். உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் அளவுக்காவது புரதம் வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 100 கிராம் பனீரில் ஏறக்குறைய 18 கிராம். பாதாம் மாவும் வெண்ணெய்ப் பழமும் (அவகாடோ) இல்லாமல் அடுப்பே பற்றவைக்காத நூல் கோபியில் உதவாது. தேங்காய், நிலக்கடலை, கீரை, முட்டை, தயிர் வைத்துச் சமையல் குறிப்பு இருக்கிறதா பாருங்கள். புரட்டாசியில் கவுச்சி தொடாத வீடு என்றால், சைவத்துக்குத் தனிப் பட்டியலும் கட்டாயம் வேண்டும்.

கேள்வி: வீட்டுக்காரர் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறார். புத்தகத்தைப் பார்த்தே ஆரம்பிக்கலாமா?
– வாசகி, தாராபுரம்

பதில்: மருத்துவரிடம் கேட்காமல் வேண்டாம்ங்க. கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சோற்றைக் குறைத்துவிட்டு மருந்தை அதே அளவில் தொடர்ந்தால், சர்க்கரை 70க்குக் கீழே இறங்கி மயக்கம் வரலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளில் ஆபத்து வேறு விதம்: சர்க்கரை அதிகம் ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் கூடிவிடலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு என்றால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்த அழுத்த மாத்திரையின் அளவையும் மாற்ற வேண்டிவரலாம். இதற்கெல்லாம் ஒரு அத்தியாயம் ஒதுக்காத நூலை வாங்காதீர்கள். மாத்திரையை நீங்களே நிறுத்திவிடலாம் என்று எழுதியிருந்தால், அந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

முதல் வாரத் தலைவலியையும் அசதியையும் நல்ல நூல் விளக்கியிருக்கும். இன்சுலின் இறங்கும்போது சிறுநீரகம் உப்பைக் கூடுதலாக வெளியேற்றுவதுதான் பெரும்பாலும் காரணம். இதய, சிறுநீரக நோயாளிகள் அதற்காக உப்பைக் கூட்டிக்கொள்ளக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் கீட்டோ வேண்டாம். தொடங்கும் முன் ஹெச்பிஏ1சியும் (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) கொழுப்பும் பார்த்துவிட்டு, மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். சிலருக்கு எல்டிஎல் என்கிற கெட்ட கொழுப்பு ஏறிவிடுகிறது.

கேள்வி: கம்பு, கொள்ளுச் சமையல் புத்தகம் ஒன்று வீட்டில் இருக்கிறது. அதுவே போதாதா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: அது நல்ல உணவுதான், ஆனால் குறை மாவுச்சத்து அல்ல. 100 கிராம் கம்பில் 62 கிராம், கொள்ளில் 57 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்பார்கள். மாவுச்சத்தை மட்டும் பார்த்தால் எள்ளில்தான் மிகக் குறைவு. ஆனாலும் கொள்ளில் 22 கிராம் புரதம் இருப்பதால் அடியோடு ஒதுக்க வேண்டாம். 30 கிராம் கொள்ளை வேகவைத்துக் கடைந்து, சோற்றில் ஊற்றாமல் கிண்ணத்தில் எடுத்து, பொரியலோடு சாப்பிட்டால் கொள்ளின் மாவுச்சத்து 17 கிராமோடு முடிந்துவிடும்.