நான்கு பேர், நான்கு ரசனை, ஒரு ஸ்டூடியோ

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு கிராஃபிக் டிசைன் ஸ்டூடியோ நடத்துகிறோம். ஒருவர் கட்டடக்கலை படித்தவர். இன்னொருவருக்கு காமிக்ஸ் என்றால் உயிர். நான் அச்சகத்தில் தொழில் கற்றவள். அண்மையில் சேர்ந்தவர் துணி வடிவமைப்பிலிருந்து வந்தவர். எங்கள் வேலைகள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. “உங்களுக்கென்று ஒரு பாணி இல்லையே” என்கிறார்கள் கிளையன்ட்டுகள். ஒரு பாணியை முடிவு செய்துகொண்டு எல்லோரும் அதற்குள் வேலை செய்யலாமா? புதியவரையும் அதற்குப் பழக்கவா?

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

வேண்டாம். நால்வரும் நான்கு இடங்களிலிருந்து வந்திருப்பதுதான் உங்கள் பலம். அதை நீங்களே வெட்டிக் குறைக்காதீர்கள்.

1954-இல் மில்டன் கிளேசர், சீமோர் குவாஸ்ட், எட்வர்ட் சோரல் உள்ளிட்ட நண்பர்கள் நியூயார்க்கில் புஷ் பின் ஸ்டூடியோஸ் என்ற டிசைன் ஸ்டூடியோவைத் தொடங்கினார்கள். சுவிஸ் பாணி எழுச்சி பெற்றுவந்த காலம் அது. அளந்து வகுத்த கட்டங்கள், அலங்காரமில்லாத எழுத்து, நிறைய வெற்றிடம். இவர்களோ விக்டோரியக் கால அச்செழுத்து, மரச்செதுக்கு, ஆர்ட் நூவோ, ஆர்ட் டெக்கோ ஆகிய அலங்காரப் பாணிகள், காமிக்ஸ் என்று பழையது புதியது எல்லாவற்றையும் எடுத்துக் கையாண்டார்கள். கிளேசரின் கை வேறு, குவாஸ்டின் கை வேறு. ஆனாலும் 1970-இல் பாரிஸின் அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் நடந்த அவர்களது கண்காட்சிக்கு ‘புஷ் பின் பாணி’ என்றே பெயர் வைத்தார்கள். இத்தனைக்கும் அது முன்கூட்டித் தீர்மானித்த பாணி அல்ல. பக்கத்துப் பக்கத்து மேசைகளில் பல வருடம் வரைந்ததில் தானாகச் சேர்ந்தது.

கிளேசர் 1966-இல் வரைந்த, பாடகர் பாப் டிலனின் போஸ்டரைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கறுப்பு நிழலுருவாகத் தெரியும் அந்தப் பக்கவாட்டு முகத்துக்கு, ஓவியர் மார்செல் டுஷாம்ப் தன் முகத்தைக் காகிதத்தில் கிழித்துச் செய்த உருவம் தூண்டுதல். சுருண்டு வழியும் வண்ண முடிக்கு இஸ்லாமிய ஓவியங்கள். கீழே பெயர் எழுதியிருக்கும் எழுத்துரு, மெக்சிகோ நகரில் ஒரு தையல்காரரின் விளம்பரப் பலகையில் கிளேசர் கண்ட எழுத்திலிருந்து பிறந்தது. எங்கெங்கோ இருந்து வந்த மூன்றும் ஒரே தாளில் ஒட்டுப்போட்ட அடையாளமே இல்லாமல் நிற்கின்றன. ஏன்? ஒவ்வொன்றுக்கும் அங்கே ஒரு வேலை இருக்கிறது. ஒரே பார்வையில் ஆளை அடையாளம் காட்டுவது நிழலுருவம். இசையின் கொந்தளிப்பைக் காட்டுவது முடி. தட்டையான அந்த எழுத்து இரண்டோடும் போட்டி போடாமல் பெயரை மட்டும் சொல்கிறது. தாக்கம் என்றால் எனக்கு இதுதான்: பார்த்த பொருளின் தோற்றத்தைவிட அது செய்கிற வேலையை எடுத்துக்கொள்வது.

இதனால்தான் ரெஃபரென்ஸ் படங்களைச் சேர்த்துவைக்கும் பழக்கம் எனக்குக் கவலை தருகிறது. எல்லோரும் ஒரே பின்டரெஸ்ட் பக்கங்களைப் பார்க்கிறோம். அங்கே நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் இன்னொரு டிசைனர் ஏற்கெனவே செய்து முடித்த விடை. அவர் எதைப் பார்த்து அங்கே வந்தார் என்பது படத்தில் இருக்காது. லோகோ செய்ய லோகோக்களையே பார்த்துக்கொண்டிருந்தால் மேல்தோல்தான் கைக்கு வரும்.

கட்டடக்கலை நண்பர் ‘நான் இங்கே வெளியாள்’ என்று எப்போதாவது நினைத்தால், 1972-இல் லண்டனில் பென்டகிராம் என்ற டிசைன் நிறுவனத்தைத் தொடங்கிய ஐவரில் மூவர்தான் கிராஃபிக் டிசைனர்கள் என்று சொல்லுங்கள். தியோ கிராஸ்பி கட்டடக் கலைஞர், கென்னத் கிரேஞ்ச் பொருள் வடிவமைப்பாளர்.

புதியவரைப் பற்றிக் கேட்டீர்கள். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்ஸின் அடையாளத்தை அவர் பார்க்கட்டும். லான்ஸ் வைமன், எட்வர்டோ டெராசாஸ் உள்ளிட்டோர் செய்தது. ஐந்து வளையங்களிலிருந்து 68 என்ற எண் விரிய, அதன் கோடுகள் அலையலையாக வெளியே பரவுகின்றன. மெக்சிகோவின் உய்ச்சோல் பழங்குடியினர் மெழுகின்மேல் நூலை வரிசையாக அழுத்திச் செய்யும் படங்களும் கோடுகளாலும் வடிவங்களாலும் கண்ணை ஏமாற்றும் அந்தக் காலத்து ஆப் ஆர்ட்டும் அதில் சந்தித்துக்கொண்டன. அந்தக் கோடுகள் போஸ்டரிலும் நின்றன, உபசரிப்புப் பெண்களின் உடையிலும் நின்றன. காரணம், அது ஒரு தனிப் படம் அல்ல, விரிந்துகொண்டே போகக்கூடிய ஒழுங்கு. திரும்பத் திரும்ப வரும் அலகு எங்கே இணைய வேண்டும், எங்கே மாற வேண்டும் என்பது துணி வடிவமைப்பவருக்குப் பழக்கத்திலேயே தெரியும். அதைப் போய் மழுங்கடிப்பீர்களா? ஒன்று மட்டும் கவனியுங்கள். ஒரு சமூகத்தின் கலையிலிருந்து எடுக்கும்போது அவர்கள் பெயரைச் சொல்லுங்கள். அவர்கள் வழிபாட்டுக்கு வைத்திருப்பதைப் பொட்டலத்தில் அச்சடிக்காதீர்கள்.

அப்புறம் கிளையன்ட்டுகள். பாணி இல்லை என்று அவர்கள் சொல்வது பல நேரம் ‘என்ன வரும் என்று தெரியாமல் பணம் கட்டப் பயமாக இருக்கிறது’ என்பதற்காக. அந்தப் பயம் நியாயமானது. முடிந்த வேலைகளை மட்டும் காட்டாமல், ஒவ்வொன்றிலும் பிரச்சினை என்ன, எங்கிருந்து எதை எடுத்தீர்கள், ஏன் எடுத்தீர்கள் என்று காட்டுங்கள். யோசிக்கும் முறை ஒன்றுதான் என்று தெரிந்தால் தோற்றங்கள் வேறுபடுவது அவர்களை உறுத்தாது.

அடுத்த வேலையில் ஒரு மாற்றம் செய்து பாருங்கள். முதல் வரைவைப் புதியவர் போடட்டும், அச்சு தெரிந்த நீங்கள் அதைத் திருத்துங்கள், காமிக்ஸ் நண்பர் கடைசியாகக் கை வைக்கட்டும். என்ன வந்தது என்று எழுதுங்கள், ஆவலோடு பார்ப்பேன்.

அன்புடன்.