ரவுட்டரில் வைஃபை மட்டும் போய்விட்டால்: கார்டு வாங்குவதற்கு முன்

கேள்வி: ஐந்து வருடமாக ஓடிக்கொண்டிருந்த ரவுட்டரில் திடீரென்று வைஃபை போய்விட்டது. லேன் கேபிள் போட்டால் இணையம் நன்றாக வருகிறது. "உள்ளே வைஃபை கார்டு போயிருக்கும், வேறு வாங்கி மாட்டினால் சரியாகிவிடும்" என்கிறார் நண்பர். ஆன்லைனில் பார்த்தால் விதவிதமான கார்டுகள் விற்கிறார்கள். என் ரவுட்டருக்கு எது பொருந்தும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கார்டு தேடுவதைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். உங்கள் ரவுட்டரில் கழற்றி மாட்டும் கார்டு இருக்கிறதா என்பதே இன்னும் தெரியாது. வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலானவற்றில் வைஃபை சிப்பை மெயின் போர்டிலேயே சால்டர் வைத்து ஒட்டியிருப்பார்கள். 2002 கடைசியில் வந்த லிங்க்ஸிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரின் முதல் பதிப்பில் வைஃபை, மினி பிசிஐ என்ற வகையைச் சேர்ந்த ஒரு தனி கார்டாக இருந்தது. அடுத்த பதிப்பிலேயே அதைப் போர்டோடு சேர்த்துவிட்டார்கள். தனி கார்டு, அதற்கொரு சாக்கெட் என்று வைப்பது அரிதாகிவிட்டது. முழுக்க ஒழிந்துவிடவில்லை. இப்போதைய ரவுட்டர்கள் பலவும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் வைஃபை தரும். டிபி-லிங்க் ஆர்ச்சர் சி7 ரவுட்டரின் ஆரம்பப் பதிப்புகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மெயின் சிப்பிலேயே இருக்கும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மட்டும் தனியாக ஒரு மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு செருகியிருப்பார்கள்.

இதிலிருந்தே ஒரு துப்பு கிடைக்கிறது. உங்களுக்கு இரண்டு அலைவரிசையும் போயிற்றா, ஒன்று மட்டுமா? 2.4 வந்து 5 மட்டும் வராமல் இருந்தால் அந்த ரேடியோவை, அதாவது அந்த அலைவரிசைக்கான வைஃபை பாகத்தைச் சந்தேகிக்கலாம். இரண்டும் ஒரே நாளில் மறைந்திருந்தால், தனித்தனியான இரண்டு சிப்பும் சேர்ந்து சாவது அபூர்வம். இரண்டுக்கும் பொதுவான ஒன்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்: செட்டிங்ஸ், ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள்), மின்சாரம்.

செட்டிங்ஸ் சட்டென்று முடிந்துவிடும். பல ரவுட்டர்களில் பின்பக்கம் வைஃபைக்கென்று ஒரு சின்னப் பொத்தான் உண்டு. தூசி துடைக்கும்போது அழுந்தினால் போதும், வைஃபை அணைந்துவிடும். கேபிள் வழியாக ரவுட்டரின் அட்மின் பக்கத்தைத் திறந்து வைஃபை ஆன் ஆகியிருக்கிறதா, நேரக் கட்டுப்பாடு ஏதும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதே பக்கத்தில் வைஃபைக்கான மேக் முகவரி (அதன் அடையாள எண்) இருக்கும். அது முழுக்கப் பூஜ்யமாகவோ வெறுமையாகவோ இருந்தால், ரவுட்டர் தன் ரேடியோவையே காணவில்லை என்று அர்த்தம். முகவரி ஒழுங்காகத் தெரிவதால் மட்டும் ரேடியோ நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட வேண்டாம். சில மாடல்கள் அதை ஃபிளாஷ் மெமரியிலிருந்து எடுத்துக் காட்டும். கடைசியாக ஒரு ஃபேக்டரி ரீசெட். அதற்கு முன் இணைய இணைப்புக்கான யூசர் பெயரையும் பாஸ்வேர்டையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அடாப்டர். இங்கே எனக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். வீட்டு ரவுட்டர் ஒன்றில் வைஃபை பத்து நிமிடம் வரும், யாராவது வீடியோ போட்டதும் மறையும். கார்டு போட்ட மாடல்தான் என்று தெரிந்ததும், அதே சிப் உள்ள கார்டை ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கிவிட்டேன். மாட்டிய பிறகும் அதே கதை. அடாப்டரைக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்தால் 12.1 வோல்ட். குறையே இல்லை. அப்புறம்தான் ரவுட்டரில் செருகியபடியே, ஜாக்குக்கு அடியில் போர்டில் தெரியும் இரண்டு முனைகளில் மீட்டரை வைத்துப் பார்த்தேன். வீடியோ ஓடத் தொடங்கியதும் 12 என்றிருந்தது 10 ஆகி, 9-க்கும் கீழே போனது. வைஃபை மறைந்த நொடியில் மீட்டர் மறுபடியும் 12-க்கு ஏறி நின்றது. பழுது முழுக்க அடாப்டரில். கார்டைத் திருப்பிக் கேட்டபோது, பாக்கெட் பிரித்தாகிவிட்டது என்று விற்பனையாளர் மறுத்துவிட்டார்.

ரவுட்டர் சிக்னல் அனுப்பும்போதுதான் கூடுதல் மின்சாரம் இழுக்கும். அடாப்டருக்குள் இருக்கும் எலக்ட்ரோலைடிக் கெப்பாசிட்டர்கள் வெப்பத்தில் வருடக்கணக்கில் வற்றிப்போயிருந்தால், சும்மா இருக்கும்போது வோல்ட்டேஜ் சரியாகக் காட்டும், சுமை ஏறியதும் விழுந்துவிடும். எல்லா விளக்கும் எரியும், கேபிள் இணையமும் வேலை செய்யும், வைஃபை மட்டும் தடுமாறும். எனவே வேறு நல்ல அடாப்டரைப் போட்டுப் பாருங்கள். வோல்ட் அதேயாக இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம். முனையின் உள்துளை 2.1 மில்லிமீட்டர், 2.5 மில்லிமீட்டர் என்று இரண்டு அளவில் வரும், வெளியே பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும். நடுமுனை பாசிட்டிவா என்பதையும் அடாப்டரின் படக்குறியில் பாருங்கள். அடாப்டரைப் பிரித்துச் சரிசெய்யப் போகாதீர்கள். அதற்குள் வீட்டு மின்சாரம் நேரடியாக வருகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் கெப்பாசிட்டரில் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.

இதெல்லாம் பார்த்தும் வைஃபை வரவில்லை என்றால் இப்போது ரேடியோவுக்கு வரலாம். மூடியைக் கழற்றாமலே உள்ளே பார்க்க ஒரு வழி இருக்கிறது. அடிப்பக்க லேபிளில் எஃப்சிசி ஐடி என்று ஓர் எண் இருக்கிறதா பாருங்கள். அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஆணையம் தரும் எண் அது. அமெரிக்காவுக்கு வெளியே விற்கும் பல ரவுட்டர்களிலும் அச்சிட்டிருப்பார்கள். அந்த எண்ணை ஆணையத்தின் இணையதளத்தில் போட்டுத் தேடினால், அனுமதிக்காகக் கொடுத்த ஆவணங்களில் ரவுட்டரைப் பிரித்துப் போட்டு எடுத்த உட்புறப் படங்களும் பெரும்பாலும் இருக்கும். லேபிளில் 'கன்டெயின்ஸ் எஃப்சிசி ஐடி' என்று இருந்தால் இன்னும் நல்லது. தனியாக அனுமதி பெற்ற ஒரு மாட்யூல் உள்ளே இருக்கிறது என்பதைத்தான் அந்த வரி சொல்கிறது. லேபிளில் மாடல் பெயரோடு வி1, வி2 என்று வரும் பதிப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் வரும் இரண்டு பதிப்புகளுக்குள் போர்டே வேறாக இருக்கலாம். ரவுட்டர்களுக்கு இலவச மாற்று ஃபர்ம்வேர் தரும் ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டத்தின் வன்பொருள் பட்டியலில் பதிப்பு வாரியாக வைஃபை சிப் பெயர் கிடைக்கும்.

படம் கிடைக்கவில்லை, வாரண்டியும் முடிந்துவிட்டது என்றால் திறந்து பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் ரப்பர் பாதங்களுக்கும் லேபிளுக்கும் அடியில் ஒளிந்திருக்கும். எல்லா ஸ்க்ரூவையும் எடுத்த பிறகு மூடி சுற்றிலும் பிளாஸ்டிக் கிளிப்பில் மாட்டியிருக்கும். பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றை இடுக்கில் விட்டு மெதுவாக நெம்பினால் ஒவ்வொன்றாக விடும். உடனே செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், எந்த ஒயர் எங்கே போகிறது என்பது தெரியும்படி.

கார்டு இருந்தால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். பெரிய போர்டின் மேல் இன்னொரு சின்னப் போர்டு படுத்திருக்கும், ஒரு ஓரம் சாக்கெட்டுக்குள், எதிர் ஓரம் ஸ்க்ரூவிலோ கிளிப்பிலோ. 30 மில்லிமீட்டர் அகலமும் சுமார் 51 மில்லிமீட்டர் நீளமும் இருந்தால் மினி பிசிஐ எக்ஸ்பிரஸ். அதே அகலத்தில் நீளம் 27-க்குப் பக்கத்தில் இருந்தால் அதன் அரை அளவு. இரண்டுக்கும் 52 தங்கமுனைகள். 60 மில்லிமீட்டர் அகலத்தில் 124 முனைகளோடு இருந்தால் பழைய மினி பிசிஐ. 22 மில்லிமீட்டர் அகலத்தில் ஒற்றை ஸ்க்ரூவில் நிற்பது எம்.2. சில ரவுட்டர்களில் பார்வைக்குக் கார்டு போலவே ஒரு சின்னப் போர்டு இருக்கும். ஓரத்தை உற்றுப் பாருங்கள். சாக்கெட் இல்லாமல், விளிம்பு நெடுக அரைவட்டக் குழிகளில் ஈயம் நிரம்பியிருந்தால் அது பெரிய போர்டோடு சால்டர் வைத்தது, கையால் கழற்ற முடியாது. மெயின் போர்டில் தகர மூடி போட்ட சதுரங்களும் ஆண்டெனா ஒயர்களும் மட்டும்தான் தெரிகின்றன என்றால் வைஃபை போர்டோடு ஒட்டியது. கார்டு தேடும் வேலை அங்கேயே முடிந்தது.

கார்டு இருந்தாலும் உடனே புதிதாக ஆர்டர் போட வேண்டாம். அதைக் கழற்றி, தங்கமுனைகளை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, காயவிட்டு மறுபடி செருகுங்கள். ஈரக்காற்றிலும் வெப்பத்திலும் முனை கறுத்துப்போய்த் தொடர்பு விட்டிருந்தால் இதிலேயே உயிர் வந்துவிடும்.

கேள்வி: ரவுட்டரை அணைத்துப் போட்டால் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் உடனே வருவதில்லை. ஒரு நிமிடம் கழித்து வருகிறது. கார்டு போகப் போகிறது, மாற்றிவிடுங்கள் என்று சர்வீஸ் கடையில் சொல்கிறார்கள்.

பதில்: மாற்றாதீர்கள். 5 கிகாஹெர்ட்ஸில் ரேடார்களும் பயன்படுத்தும் சானல்கள் உண்டு. அவற்றில் சிக்னல் அனுப்புவதற்கு முன் ரவுட்டர் 60 நொடி சும்மா கேட்டுக்கொண்டிருந்து, ரேடார் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பது விதி. ரேடார் தென்பட்டால் அந்தச் சானலை விட்டு விலகி, 30 நிமிடத்துக்கு அந்தப் பக்கமே வரக்கூடாது. நடுநடுவே 5 மறைந்து திரும்புவதற்கும் இது காரணமாக இருக்கலாம். சானலை 'ஆட்டோ'விலிருந்து 36-க்கு மாற்றிவிட்டுப் பாருங்கள். காத்திருப்பு போய்விட்டால் ரவுட்டரில் ஒரு குறையும் இல்லை.

கேள்வி: ரவுட்டரைத் திறந்தேன், மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு இருக்கிறது. அதே சாக்கெட்டில் உட்காரும் புது லேப்டாப் கார்டு ஒன்றை வாங்கிப் போட்டால் வேகமும் கூடும் அல்லவா?

பதில்: சாக்கெட்டில் உட்காருவது வேறு, வேலை செய்வது வேறு. ரவுட்டரின் ஃபர்ம்வேரில் எந்தச் சிப்புக்கான டிரைவரை (சிப்பை இயக்கும் மென்பொருளை) கம்பெனி வைத்திருக்கிறதோ அந்தச் சிப்தான் ஓடும். லேப்டாப் கார்டுகளில் இன்னொரு சிக்கல்: அவை வைஃபையோடு இணைவதற்காகச் செய்யப்பட்டவை, வைஃபையை வழங்குவதற்காக அல்ல. இன்டெல் கார்டுகள் பெரும்பாலும் 5 கிகாஹெர்ட்ஸில் ரவுட்டராகச் செயல்பட மறுத்துவிடும். ஆகவே பழைய கார்டின் மேல் அச்சிட்டிருக்கும் சிப் எண்ணைக் கடைசி எழுத்துவரை ஒப்பிட்டு வாங்குங்கள். ஆர்ச்சர் சி7-இன் முதல் பதிப்பில் இருந்த குவால்காம் 9880 சிப்பையும் அடுத்த பதிப்பில் வந்த 9880 சிப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். எண் ஒன்று, பின்னால் வரும் எழுத்துகள் மட்டும் வேறு. ஓப்பன்டபிள்யூஆர்டியின் டிரைவர் இரண்டாவதை ஏற்கும், முதலாவதை ஏற்காது. எண்ணின் முன்னெழுத்துகள் குடும்பத்தைச் சொல்லும். ஏஆர் என்றால் ஏதரோஸ், கியூசிஏ என்றால் ஏதரோஸை 2011-இல் வாங்கிய குவால்காம். ஆர்டி என்றால் ராலிங்க், எம்டி என்றால் அதே வருடம் ராலிங்கை வாங்கிய மீடியாடெக். பிசிஎம் பிராட்காம்.

மாட்டும்போது ஆண்டெனா கனெக்டரில் கவனம் வேண்டும். நகக்கணுவில் பாதிகூட இருக்காது அந்த வட்டம். நேர் மேலிருந்து, வட்டம் வட்டத்தின் மேல் பொருந்தியதா என்று பார்த்து, விரல் நுனியால் அழுத்துங்கள். மெல்லிய 'டிக்' கேட்கும். சாய்த்து அழுத்தினால் நடுவில் இருக்கும் ஊசிமுனை மடங்கிவிடும். கழற்றும்போது ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. யு.எஃப்.எல் என்ற இந்தக் கனெக்டரை அதைச் செய்யும் கம்பெனியே 30 முறை மாட்டிக் கழற்றத்தான் பரிந்துரைக்கிறது. எம்.2 கார்டில் வருவது இதைவிடச் சின்னது, பழைய ஒயர் அதில் பொருந்தாது. ஆண்டெனாக்களை மாட்டாமல் ரவுட்டரை ஆன் செய்யாதீர்கள். வெளியே போக வழியில்லாத சிக்னல் திரும்பி வந்து ஆம்ப்ளிஃபயரைக் கெடுத்துவிடக்கூடும்.

கேள்வி: என்னுடையது போர்டோடு ஒட்டிய சிப். ஹாட் ஏர் வைத்து மாற்றித் தருவதாக ஒருவர் சொல்கிறார். போர்டைச் சமையல் ஓவனில் வைத்துச் சூடாக்கினாலே சரியாகும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். எதைச் செய்யலாம்?

பதில்: இரண்டும் வேண்டாம். ஓவனில் சூடாக்கினால் விட்டுப்போன சால்டர் சில நாள் ஒட்டிக்கொள்ளலாம், பிறகு பழைய நிலைதான். அதற்குள் பிளாஸ்டிக் கனெக்டர்கள் உருகும், சமைக்கும் ஓவனில் நச்சுப் புகை படியும். சிப்பை மாற்றுவது கைதேர்ந்தவரால் முடியும். ஆனால் ஒவ்வொரு போர்டுக்கும் தொழிற்சாலையில் அளந்து பதிந்த ரேடியோ அளவீடுகள் ஃபிளாஷ் மெமரியில் இருக்கின்றன. அவை பழைய சிப்புக்கானவை. புதுச் சிப் ஓடினாலும் தூரமும் வேகமும் குறைந்தே இருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் கூலியை ஒரு சாதாரண ஆக்சஸ் பாயின்டில் (கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகத் தரும் பெட்டியில்) போடுங்கள்.

கேபிள் வழி இணையம் வருகிற ரவுட்டர் குப்பை அல்ல. அதன் லேன் போர்ட்டிலிருந்து ஒரு கேபிளை எடுத்து ஆக்சஸ் பாயின்டில் செருகுங்கள், வைஃபை வந்துவிடும். வீட்டில் வேறு பழைய ரவுட்டர் கிடந்தால் அதுவே போதும். அதன் ஐபி முகவரியை முதல் ரவுட்டரின் முகவரியோடு மோதாதபடி மாற்றுங்கள், டிஎச்சிபியை (சாதனங்களுக்கு ஐபி முகவரி கொடுக்கும் வசதியை) அணையுங்கள், கேபிளை அதன் லேன் போர்ட்டில் செருகுங்கள், இணைய இணைப்பு உள்ளே வரும் வேன் (WAN) போர்ட்டில் அல்ல. கேபிள் 100 மீட்டர் வரை போகலாம் என்பதால், வைஃபையை வீட்டின் நடுவிலேயே கொண்டுபோய் வைக்கலாம்.

கேள்வி: ரவுட்டர் இணைய நிறுவனம் கொடுத்தது. நானே திறந்து பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். அது அவர்களுடைய பொருள். புகார் எண் வாங்கி, மாற்றித் தரச் சொல்லுங்கள். "கேபிளில் இணையம் வருகிறது, வைஃபை மட்டும் இல்லை, அடாப்டர் மாற்றியும் பார்த்தேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால், அணைத்துப் போடுங்கள் என்று உங்களை அலைக்கழிப்பது பாதியாகக் குறையும். மாற்றித் தரத் தாமதமானால் மேலே சொன்னபடி உங்கள் சொந்த ஆக்சஸ் பாயின்டை அதன் லேன் போர்ட்டில் இணைத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய பெட்டியின் சீலை நீங்கள் தொட வேண்டியதே இல்லை.