வாங்குவோர் கேள்வி-பதில்: வள்ளத்துக்குக் காப்புறுதி

கேள்வி: புது பைபர் வள்ளம், 15 குதிரைவலு எஞ்சின். மூன்று கொம்பனிகளிடம் பிரீமியம் விசாரித்தேன். ஆகக் குறைந்ததை எடுக்கவா? – குருநகர்

பதில்: பிரீமியத்தை விசாரித்தீர்கள். நட்டஈட்டுக்கு அலைந்தவர்களை விசாரித்தீர்களா? போன மாரிக்கு வள்ளம் உடைந்தவர்கள் உங்கள் துறையிலேயே இருப்பார்கள். எத்தனை நாளில் ஆள் வந்து பார்த்தது, கேட்டதில் எவ்வளவு கைக்கு வந்தது என்று கேளுங்கள். மதிப்பீட்டாளர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறாரா, கொழும்பிலிருந்து வரவேண்டுமா? அவர் பார்க்கும்வரை உடைந்த வள்ளத்தில் கைவைக்க முடியாது, தொழிலும் இல்லை.

கேள்வி: இந்திய இழுவைப்படகு வலைகளை அறுத்துப்போட்டது. 'எல்லாம் அடங்கும்' என்ற முகவர் இப்போது போன் எடுக்கிறாரில்லை. – மயிலிட்டி

பதில்: வயிறு எரிகிறது, தம்பி. இழுவைமடித் தொழிலை நம் நாட்டுச் சட்டம் 2017இலேயே தடைசெய்தது; உங்கள் வலைக்கு அதனால் என்ன லாபம்? வள்ளப் பொலிசி வழக்கமாக வள்ளத்துக்கும் எஞ்சினுக்கும்தான். வலையைத் தனியாக எழுதியிருக்கவேண்டும். எழுதியிருந்தால் விடாதீர்கள். மறுப்பைக் கடிதமாக வாங்கி, கொம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதுங்கள். அங்கும் சரிவராவிட்டால், காப்புறுதிப் பிணக்குகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போங்கள்.

எனக்கு ஆறாத கோபம் ஒன்று இதில் உண்டு. கையெழுத்து வாங்கும்போது தேனாகத் தமிழ் கதைக்கிறார்கள். காசு தரமாட்டோம் என்பதை மட்டும் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். பொலிசியின் தமிழ்ப் பிரதியைக் கேளுங்கள். இல்லையென்றால், எது அடங்கும், எது அடங்காது என்று முகவர் தன் கையால் தமிழில் எழுதி ஒப்பமிடட்டும். பேனாவைக் கண்டதும் அந்த 'எல்லாம்' எவ்வளவு சுருங்குகிறது என்று பாருங்கள்.

கேள்வி: 10 இலட்சம் பெறுமதியான வள்ளத்தை 5 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தேன். சேதம் 2 இலட்சம். தருவது 90 ஆயிரம். ஏமாற்றுகிறார்களா? – பருத்தித்துறை

பதில்: இல்லை. பாதிப் பெறுமதிக்குப் போட்டால் சேதத்திலும் பாதிதான்: 1 இலட்சம். மிச்ச 10 ஆயிரம், ஒவ்வொரு நட்டத்திலும் நீங்கள் பொறுக்கவேண்டிய முதற்பங்காக இருக்கும், பொலிசியில் பாருங்கள். பிரீமியத்தில் மிச்சம்பிடித்தபோது இனித்ததுதானே?

கேள்வி: என் எஞ்சின் களவுபோய்விட்டது. அது இரண்டாங்கையாக வாங்கியது. பொலிசியில் பழைய எஞ்சினின் இலக்கம்தான் இருக்கிறது. காசு வருமா? – நாவாந்துறை

பதில்: கஷ்டம். எஞ்சினை மாற்றிய அன்றே அறிவித்திருக்கவேண்டும். நானும் தோட்டத்துக்கு ஒரு பழைய தண்ணீர் பம்ப் வாங்கினேன். இலக்கத்தகடு சுரண்டியிருந்ததை வீட்டுக்கு வந்துதான் கண்டேன். மூன்றாம் நாள் அது நின்றது, விற்றவரையும் காணோம். அதனால் உங்களை அதிகம் ஏசவில்லை. பொலிஸ் முறைப்பாட்டையாவது போட்டுவிட்டீர்களா?

கேள்வி: பதிவில்லாத வள்ளத்துக்குக் காப்புறுதி எடுக்கலாமா? – வேலணை

பதில்: முதலில் கடற்றொழில் திணைக்களத்துக்குப் போங்கள். பிறகு எனக்கு எழுதுங்கள்.