முக்கால் குறியில் தொடங்கும் ‘தமிழ்’

கேள்வி: 2003-இல் என் அண்ணன் எனக்கு எழுதிய மின்னஞ்சல்களைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். கணினியை மாற்றியபின் அவற்றைத் திறந்தால், ‘இந்த எழுத்துக் குறியாக்கத்துக்கு ஆதரவு இல்லை’ என்று வருகிறது. கீழே முக்கால் பின்னம், சென்ட் குறி, தலையில் கோடு போட்ட ஆங்கில எழுத்துகள். இன்று வரும் தமிழ் மடல்கள் நன்றாகத் தெரிகின்றன. அண்ணன் இப்போது இல்லை. மீட்க வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் அதற்கு முன், அந்த மடல்களை யாருக்கும் ஃபார்வர்ட் செய்யாதீர்கள், அவற்றுக்குப் பதில் எழுதிப் பார்க்காதீர்கள். ஒரு நண்பரின் நீண்ட கடிதத்தை நான் அப்படித்தான் இழந்தேன். ஃபார்வர்ட் செய்த பிரதி இருக்கிறதே என்று மூலத்தை அழித்துவிட்டேன். அனுப்பிய நிரலோ தனக்குப் புரியாத ஒவ்வோர் எழுத்துக்கும் கேள்விக்குறியைப் போட்டிருந்தது. கேள்விக்குறியாகச் சேமிக்கப்பட்டதை யாராலும் மீட்க முடியாது. உங்களுடையது அப்படி ஆகவில்லை. குப்பைபோல் தெரிந்தாலும் அண்ணன் எழுதிய எழுத்துகள் உள்ளே அப்படியே இருக்கின்றன.

அந்த முக்கால் பின்னம் நல்ல துப்பு. குறியாக்கம் என்பது ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் முறை. யூனிகோடு பரவுவதற்கு முன் பலர் எழுதியது திஸ்கி என்ற தமிழ்க் குறியாக்கத்தில். அதில் ‘த’வுக்கு உரிய எண், மேற்கத்தியக் குறியாக்கத்தில் முக்காலுக்கு உரியது, ‘மி’யின் மேல்விலங்குக்கு உரியது சென்ட் குறிக்கு. ஆகவே ‘தமிழ்’ என்ற சொல்லே முக்கால், கோடு போட்ட ஏ, சென்ட், கோடு போட்ட யூ என்று நான்கு குறிகளாகத் தெரியும். உங்கள் மடலில் இந்த வரிசை இருக்கிறதா என்று தேடுங்கள். (சாய்கோடு போட்ட ஏயும் வட்டத்துக்குள் ஆரும் திரும்பத் திரும்ப வந்தால் அது யூடிஎஃப்-8, அதாவது யூனிகோடின் ஒரு வடிவம். அங்கே குறியாக்கத்தை யூனிகோடு என்று மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.)

அப்புறம் அந்த எச்சரிக்கை. அன்று பல மடல்களின் தலைப்பகுதியில் குறியாக்கத்தின் பெயராக ‘எக்ஸ்-யூசர்-டிஃபைன்ட்’ என்றே இருக்கும். எழுத்துருவைப் படிப்பவரே தேர்ந்துகொள்ளட்டும் என்று அர்த்தம். இன்றைய நிரல்கள் பலவற்றுக்கு அந்தப் பெயர் புரிவதில்லை.

மடலைத் தலைப்பகுதியோடு முழுதாகச் சேமிக்கும் இஎம்எல் கோப்பாகத் தரவிறக்கி, ஒரு நகல் எடுத்து, நகலை மட்டும் நோட்பேடில் திறங்கள். ‘சார்செட்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் உள்ள பெயரை ‘விண்டோஸ்-1252’ என்று மாற்றுங்கள். சேமிக்கும்போது குறியாக்கத்தை ஆன்சி என்றே தேர்ந்து சேமியுங்கள். யூடிஎஃப்-8 ஆகச் சேமித்தால் எண்கள் மாறிவிடும். இனி எச்சரிக்கை வராது, குறிகள் மட்டும் தெரியும். அவற்றை அப்படியே நகலெடுத்து, திஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் எழுத்துமாற்றியில் ஒட்டுங்கள். லினக்ஸ் வைத்திருப்பவர் அருகில் இருந்தால் இன்னும் நல்லது. அதிலுள்ள ‘ஐகான்வ்’ கட்டளைக்குத் திஸ்கி தெரியும்.

முதலில் ஒரே ஒரு மடலை மாற்றி, ‘கொண்டு’, ‘போய்’ போன்ற சொற்களைப் பாருங்கள். திஸ்கியில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வரும், யூனிகோடில் பின்னால். அங்கே கொம்பு தனியாகத் தொங்கினால் எழுத்துமாற்றியில் வேறு குறியாக்கம் தேர்வாகியிருக்கிறது. சரியாக வந்துவிட்டால் மற்ற மடல்களையும் அப்படியே மாற்றலாம். மாற்றிய பிறகும் பழைய இஎம்எல் கோப்புகளை வைத்திருங்கள். அண்ணன் அனுப்பியது அவைதான்.