நீலப் புகை, தட்டுச் சத்தம்: கழட்டிப் பாக்காமல் விற்காதேங்கோ

குறைஞ்ச விலைக்கு எடுத்த பஜாஜ் சீடி 100 நீலப் புகை தள்ளுது, எஞ்சின் தட்டுது, திருத்துறதோ விக்கிறதோ எண்டு கேட்டிருந்தீங்கள். முதல் ஓட்டுறதை நிப்பாட்டுங்கோ. ஒயிலை வடிச்சுக் காந்தம் விட்டுப் பாருங்கோ. மாவு மாதிரிச் சாம்பல் பொடி ஒட்டினால் பயமில்லை. இரும்புச் செதில் வந்தால் உள்ளுக்கை பெரிய தேய்மானம்.

பிறகு பிளக் ஓட்டைக்குள்ள ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுக் கொம்பிரஷன் (சிலிண்டருக்குள்ள காத்து அமுங்கிற அழுத்தம்) பாருங்கோ. ஒயில் விடாமல் பாத்ததை விட அழுத்தம் ஏறினால், தேஞ்சது ரிங் (பிஸ்டனைச் சுத்தியிருக்கிற வளையம்) அல்லது போர் (பிஸ்டன் ஓடுற சிலிண்டரின்ர உள்சுவர்). ஏறாட்டில் பெரும்பாலும் வால்வு.

கடைசியா ஹெட்டையும் புளொக்கையும் கழட்டி, கனெக்டிங் ரொட்டை (பிஸ்டனைக் கீழ இருக்கிற கிராங்கோட இணைக்கிற தண்டு) பிடிச்சு மேலும் கீழும் இழுங்கோ. பக்கவாட்டில கொஞ்சம் ஆடும், அது இயல்பு. மேல் கீழாய்த் துளியும் ஆடக்கூடாது. ஆடாட்டில் யோசிக்காமல் திருத்துங்கோ: பழுது ரிங், போர் எண்டால், போர் போட்டு (சிலிண்டரின்ர உள்சுவரைக் கடைஞ்சு கொஞ்சம் பெருப்பிச்சு) 0.25 அல்லது 0.50 மில்லிமீற்றர் ஓவர்சைஸ் (அந்தளவு பெரிசான) பிஸ்டன் போடுங்கோ. பிஸ்டனை முதல் வாங்கி லேத்காரரிட்டைக் குடுங்கோ, அதை அளந்துதான் போர் போடவேணும். கீறல் விழுந்த போரில புது ரிங் மட்டும் போடுறது வீண்காசு, திரும்பவும் புகைக்கும்.

ரொட் ஆடினால் எஞ்சினை முழுசாய்ப் பிரிக்கவேணும். கிராங், பியரிங் எல்லாம் சேரும். ஓடுற பைக்கின்ர விலைக்கும் இப்ப இருக்கிற நிலையில வாங்க வாறவை கேக்கிற விலைக்கும் உள்ள வித்தியாசத்தை விடச் செலவு கூடினால், பழுதைச் சொல்லியே வித்துவிடுங்கோ. வேற எஞ்சின் ஏத்துறதெண்டால், எஞ்சின் இலக்கத்தை வாகனப் புத்தகத்திலயும் மாத்தவேணும்.