டப்பாவைக் கொட்டட்டும், விடுங்கள்!

குழந்தை வளர்ப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகனுக்கு 14 மாதம். கம்பில் வளையம் கோக்கும் பொம்மை, அடுக்குக் கட்டை எல்லாம் வாங்கிக் கொடுத்தோம். வளையத்தைக் கடிக்கிறான், கட்டையை வீசுகிறான். சமையலறை டப்பாக்களைத் திறந்து கொட்டுவதில்தான் குறி. வளர்ச்சியில் ஏதும் குறையா?
– வாசகி, நாமக்கல்

பதில்: குறையில்லை, பொம்மைதான் சீக்கிரம் வந்துவிட்டது. பொருளைப் பிடிக்கக் கை முதலில் பழகும். நினைத்த இடத்தில் விரலை விரித்து விடுவது பிறகுதான் வரும். வீசுவதும் கொட்டுவதும் அந்த விடும் வித்தைக்கான பயிற்சி. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கட்டை வைப்பது பெரும்பாலான குழந்தைகளுக்கு 15 மாத வாக்கில்தான் கைகூடும்.

வாயகன்ற எவர்சில்வர் பாத்திரம் ஒன்று, உள்ளே போட மரக்கரண்டி, பிளாஸ்டிக் டம்ளர், சுருட்டிய சாக்ஸ் என்று நாலைந்து சாமான் போதும். முதல் சில நாள் எடுத்து வெளியே போடட்டும். பிறகு அவன் கையிலிருந்து கரண்டி நழுவும் நேரம் பார்த்துப் பாத்திரத்தைக் கீழே நகர்த்துங்கள். 'டங்' என்று சத்தம் வந்ததும் கை அப்படியே நிற்கும், கண் பாத்திரத்துக்குள் போகும், அடுத்து கரண்டியைத் தேடி எடுப்பான். பிளாஸ்டிக் வாளியில் இது நடக்காது.

போடுவது பழகியதும் டப்பா மூடியில் வட்டமாக ஓட்டை வெட்டலாம். உள்ளே போகிற பொருளைவிட ஒரு விரல் அகலம் பெரிதாக இருக்கட்டும். இறுக்கமாக வெட்டினால் இரண்டு தரம் முட்டிப் பார்த்துவிட்டு டப்பாவையே எறிவான். வெட்டிய விளிம்பில் துணி டேப் ஒட்ட மறக்காதீர்கள்.

கடை வளையங்கள் ஐந்தும் ஐந்து அளவு, கம்பும் நுனி சிறுத்தது. பெரிசு சிறிசு என வரிசை பார்க்கும் வயது இதுவல்ல. 2-8 அளவில் ஒரே மாதிரி தடித்த பிளாஸ்டிக் வளையல் நாலும் ஒரு பூரிக்கட்டையும் எடுங்கள். கட்டையை நிறுத்தி நீங்களே அசையாமல் பிடியுங்கள், ஆடினால் கோக்க வராது. முடிந்ததும் கட்டையை எடுத்து வைத்துவிடுங்கள். நிமிர்ந்து நிற்கும் கம்பின்மேல் தடுக்கி விழுந்தால் வாயோ கண்ணோ போய்விடும். கண்ணாடி வளையல் கூடவே கூடாது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் பரப்பாதீர்கள். ஒன்றரை முதல் இரண்டரை வயதுக் குழந்தைகளிடம் அமெரிக்காவின் டொலீடோ பல்கலைக்கழகத்தில் நடந்து, 2018இல் வெளியான ஆய்வில், 16 பொம்மை இருந்த அறையைவிட 4 பொம்மை இருந்த அறையில் ஒவ்வொன்றோடும் அதிக நேரம் விளையாடினார்கள். இன்னொன்று: 3.2 செ.மீ. அகலக் குழாய்க்குள் நுழையும் எதுவும் தொண்டையை அடைக்கக்கூடியது. பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய அளவு அது. புளியங்கொட்டை, சோழி, ரிமோட்டின் பட்டன் பேட்டரி எதுவும் கைக்கு எட்டக்கூடாது.

கேள்வி: பேத்திக்கு 12 மாதம். சுவரைப் பிடித்து நடக்கிறாள். வாக்கர் வாங்கலாமா, நடைவண்டியா?
– வாசகர், தென்காசி

பதில்: உட்காரும் வாக்கர் வேண்டாம். அதில் கால்விரலால் உந்தத்தான் பழகுவாள், நடை தள்ளிப்போகும். படி, அடுப்பு என்று கண்மூடித் திறப்பதற்குள் போய்விடுவாள். கனடாவில் 2004இல் விற்பனையையே தடை செய்துவிட்டார்கள்.

நடைவண்டி நல்லது, ஆனால் டைல்ஸ் தரையில் வழுக்கிக்கொண்டு முன்னால் ஓடும், குழந்தை முகம் குப்புற விழும். முன்பக்கம் தாழ்வாக இரண்டு கிலோ அரிசிப் பையை இறுக்கிக் கட்டி, சக்கரத்தில் பழந்துணி சுற்றுங்கள். மண்தரை என்றால் துணி தேவையில்லை. செருப்பு, சாக்ஸ் இல்லாமல் வெறுங்காலோடு நடக்கட்டும்.

கேள்வி: 16 மாத மகள் போனில் பாட்டுப் போட்டால் அசையாமல் பார்க்கிறாள். நாங்கள் "அம்மா சொல்லு" என்றால் வாயே திறப்பதில்லை. என்ன செய்வது?
– வாசகி, ஓசூர்

பதில்: ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. போன் பேசுமே தவிர, பதிலுக்குக் காத்திருக்காது. காத்திருக்க நம் வீட்டுப் பாட்டிகளிடமே விளையாட்டு உண்டு. உள்ளங்கையில் முழங்கையை ஊன்றிப் பருப்புக் கடைந்து, அம்மாவுக்கு, தாத்தாவுக்கு என்று ஒவ்வொரு விரலாக மடக்கி, கடைசியில் நண்டு ஊருவதுபோல் அக்குள்வரை ஊர்ந்து கிச்சுகிச்சு மூட்டுவது. மூன்று தரம் முழுதாகச் செய்யுங்கள். நான்காவது தரம் முழங்கை மடிப்பில் நிறுத்தி, மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். முகத்தைப் பார்ப்பாள், 'ம்' என்பாள், அல்லது உங்கள் விரலைப் பிடித்து அக்குளுக்கு இழுப்பாள். பேச்சு வருமுன் 'இன்னும் வேண்டும்' என்று கேட்கும் விதம்தான் மூன்றுமே. உடனே கிச்சுகிச்சு மூட்டிவிடுங்கள். "சொல்லு, சொல்லு" என்று நச்சரித்தால் பரீட்சை ஆகிவிடும்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, வந்த சொல் மறைந்துவிட்டது, 18 மாதமாகியும் விரலால் சுட்டிக் காட்டவில்லை என்றால் விளையாட்டை நம்பிக் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரையோ அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தையோ பாருங்கள்.

கேள்வி: தண்ணீரில் விளையாடினால் சளி பிடிக்காதா?
– வாசகி, கடலூர்

பதில்: சளி கிருமியால் வருவது. அகலத் தாம்பாளத்தில் இரண்டு செ.மீ. வெதுவெதுப்பான நீர், இரண்டு டம்ளர், ஒரு வடிகட்டி போதும். பயப்பட வேண்டியது பக்கெட்டுக்குத்தான். ஒரு வயதுக் குழந்தைக்குத் தலைதான் கனம். குனிந்து கவிழ்ந்தால் எழ முடியாது, சில அங்குல நீரே ஆபத்து. கூடவே உட்காருங்கள், முடிந்ததும் தாம்பாளத்தை உடனே கவிழ்த்துவிடுங்கள்.