வகுப்பில் மனம் நிற்கவில்லையா?

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வகுப்பு தொடங்கிப் பத்து நிமிடத்தில் மனம் எங்கோ போய்விடுகிறது. புத்தகத்தைத் திறக்கவே பிடிக்கவில்லை. என்ன செய்வது?

பதில்: உங்களைச் சோம்பேறி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் முந்தைய பாடத்தில் எங்கோ இழை அறுந்திருக்கும். அடிப்படை புரியாதபோது பாடம் வெறும் ஓசையாகிவிடும். வகுப்புக்கு முன் 10 நிமிடம் பழைய குறிப்பைப் புரட்டி, 2 கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். காது தானாகவே விடை தேடும். சொல்வதையெல்லாம் எழுத வேண்டாம், கை ஓடும், புத்தி நின்றுவிடும். புரியாத இடத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டு நகருங்கள். அங்கேயே நின்றால் மீதியும் போய்விடும். செல்போன் பைக்குள் இருக்கட்டும்.

அன்று மாலையே குறிப்பை மூடிவைத்து, நினைவில் நிற்பதைத் தாளில் எழுதிப் பாருங்கள். மறதி முதல் நாளிலேயே வேகமாக நடக்கிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே காட்டினார். ஆர்வம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். 25 நிமிடம் உட்காருங்கள், 5 நிமிடம் நடங்கள். தொடங்கிய பிறகுதான் ஆர்வம் பெரும்பாலும் வரும். 7 மணி நேரமாவது தூங்குங்கள்.

2 வாரத்துக்கு மேல் எதிலுமே நாட்டமின்றி, பசியும் தூக்கமும் கெட்டிருந்தால் தயங்காமல் கல்லூரி ஆலோசகரையோ மருத்துவரையோ பாருங்கள்.